கிண்டி தாண்டிய புள்ளி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் தணிகைவேலின் கார் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தது. கொரட்டூரில் அவன் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் மற்ற வண்டிகளோடு மல்லுக்கட்டியபடி ஊர்ந்துகொண்டும் இருந்தது. வேப்பமரத்தடியில் நின்ற காரைத்தான் எவனோ இடித்துவிட்டு, இறங்கிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். ஆனால் அரசாங்கமும் இன்சூரன்ஸ் கம்பெனியும் நம்பியது கத்திப்பாராவில் இருந்த காரை.

இந்தக் கூத்து புரிய வேண்டுமானால் முதலில் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் வந்தது. வண்டி என்று ஒன்று இருந்தால் அது தான் இருக்கும் இடத்தை எந்நேரமும் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்களோ அவர் போனில் உங்கள் வண்டி ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி சொன்னால் கோர்ட் கேட்கும், போலீஸ் கேட்கும், இன்சூரன்ஸ் கேட்கும். விபத்து குறையும், திருட்டு ஒழியும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றாமல் போனது ஒன்றே ஒன்று. இந்த ஊரில் 'வந்துகிட்டே இருக்கேன்' என்று சொல்பவன் எவனும் அப்போது வந்துகொண்டிருப்பதில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பான், அல்லது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். அதைப் பொய் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. காத்திருப்பவர் மனம் கோணக் கூடாதே என்று செய்கிற ஒரு மரியாதை அது.

புள்ளி வந்த முதல் சில மாதங்களில் ஊர் ரத்தக்களரியாகிவிட்டது. நிச்சயதார்த்தங்கள் நின்றன. இருபது வருடச் சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "இன்னும் வாசல்லயேதான்டா நிக்குது உன் வண்டி" என்று மாமனார்கள் போனில் கத்தினார்கள். அப்புறம் யாரோ ஒரு மெக்கானிக் புண்ணியவான், வண்டியின் மூளையில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டுக்கொடுத்தான். அதற்கு 'நாகரிக முறை' என்று பெயரும் வைத்தான். நீங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் புள்ளி மட்டும் சமர்த்தாகக் கிளம்பி, சிக்னலில் நின்று, பள்ளம் பார்த்து மெதுவாகப் போய், கத்திப்பாராவில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் நிஜமாகக் கிளம்பி விரட்டிப் பிடிக்கும்வரை அங்கேயே நிற்கும். ஊர் மறுபடி நிம்மதியாக மூச்சுவிட்டது.

தணிகைவேல் அதைப் போட்டுக்கொண்ட முதல் நூறு பேரில் ஒருவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். நாற்பத்தொரு வயது. லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில், நடுமாடியில் மாட்டிக்கொண்டு அலறுபவர்களுக்கு 'ஆள் கிளம்பிட்டார் சார்' என்று சொல்லும் பிரிவுக்கு மேலாளர். ஆள் கிளம்பியிருக்க மாட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆக, வீட்டிலும் வேலையிலும் அவனுக்கு ஒரே தொழில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதவல்லி அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மாமாவுக்கு நெஞ்சுவலிடா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். பன்னெண்டு மணிக்கு ஆபரேஷனாம். உன்னைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார். உடனே வா."

அக்கா வீட்டுக்காரர் கனகசபையோடு தணிகைவேல் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. காரணம் ஒரு காதுகுத்து. அக்கா மகள் யாழினிக்குக் காது குத்தினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது முறை. யாழினிக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் தணிகைவேல். நல்ல நேரம் முடியப்போகிறது, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை பசியில் வீறிடுகிறது. இவனோ போனில், 'கிண்டி தாண்டிட்டேன் மாமா' என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கனகசபை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு பாங்க் மேனேஜர் மடியில் உட்கார வைத்துவிட்டார். தணிகைவேல் சீர்வரிசைத் தட்டோடு உள்ளே நுழைந்தபோது, மேனேஜர் கையில் தாய்மாமனுக்கு உரிய மாலையோடு சங்கடமாகச் சிரித்தார். இவன் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன்தான். ஒன்பது வருடம். தான் தாமதமாகப் போனதை அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவன் நினைத்துப் பார்த்ததில்லை. மாமா பொறுக்காததை மட்டும் தினமும் நினைத்தான்.

அப்பேர்ப்பட்ட மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"வந்துகிட்டே இருக்கேன்க்கா" என்றான். வண்டிக்கும் சொல்லிவிட்டான். புள்ளி கிளம்பியது.

"நீங்க கிளம்பலையா?" என்றாள் மனைவி சாருமதி, அடுப்படியிலிருந்து.

"பன்னெண்டுக்குத்தானே ஆபரேஷன். குழம்பு இறங்கட்டும். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போயிடறேன்."

"மட்டன் எங்கயும் ஓடிடாதுங்க."

"மாமா மட்டும் எங்க ஓடப்போறார்?"

சொன்னபோது அது வெறும் பேச்சு. உண்மை என்னவென்றால் அவனுக்குப் பசிகூடப் பெரிதாக இல்லை. தன்னை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது உள்ளுக்குள் இனித்தது. கொஞ்சம் கேட்கட்டுமே, ஒன்பது வருடம் கேட்காதவர்தானே என்று இருந்தது. நெஞ்சுவலியில் படுத்திருக்கிற மனிதரிடம் காட்டுகிற வீம்பா இது என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். அவனுக்கு அப்போது தோன்றவில்லை. எலும்பு ஒன்றை எடுத்து நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

வெளியே டமார் என்று சத்தம் கேட்டது.

"என்னங்க அது?"

"எதிர் வீட்டு கேட்டா இருக்கும். அவங்க எப்பவும் அப்படித்தான் சாத்துவாங்க" என்றான் எழுந்திருக்காமல்.

கை கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், காரின் இடது பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. முன்சக்கரம் சாக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. தெருவில் ஈ காக்கை இல்லை. கண்ணாடித்தூள் மட்டும் வெயிலில் மின்னியது. வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு, ஆட்டோ தேடி, கிடைக்காமல், கிடைத்து, அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா லிப்ட் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே கனகசபை போய்விட்டிருந்தார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கிண்டியிலயே நின்னுட்டியேடா தம்பி" என்று சொல்லி அழுதாள். "பார்த்துக்கிட்டே இருந்தேன். நகரவே இல்லையேடா அந்தப் புள்ளி."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாலத்துலயே வண்டியைப் போட்டுட்டு, ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தேன்க்கா."

பொய் சொல்வதற்கென்று அவன் யோசிக்கவே இல்லை. பழகின கை சுவிட்சைத் தேடுவதுபோல நாக்கு தானாகப் போய்விட்டது. அதன்பிறகு அந்தக் கதையை யாராலும் நிறுத்த முடியவில்லை. சாவு வீட்டில் அக்காவே எல்லோரிடமும் சொன்னாள். பதினாறாம் நாள் காரியத்தில் அது இன்னும் வளர்ந்து, தணிகைவேல் கத்திப்பாராவிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்ததாக ஆகிவிட்டது. ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்து, "கூடப் பொறந்தவன்னா உன்னை மாதிரி இருக்கணும்பா" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாருமதிக்கு மட்டும் உண்மை தெரியும். குழம்பு வைத்தவள் அவள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அதன்பிறகு மட்டனும் எடுக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவன் காருக்கு இன்சூரன்ஸ் கேட்டு விண்ணப்பித்தான். 'வண்டி எங்கே நின்றது?' வீட்டு வாசலில். 'எப்போது?' ஞாயிறு காலை பதினோரு மணிவாக்கில். ஒளிவுமறைவில்லாமல் அத்தனையும் உண்மை. அக்காவிடம் சொன்னது குடும்ப விவகாரம், கம்பெனியிடம் சொல்வது வண்டி விவகாரம், இது இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப்போவதில்லை என்று நினைத்தான். இந்த அளவு புத்தியை வைத்துக்கொண்டு எப்படி மேலாளர் ஆனான் என்று அவனே பிற்பாடு வியந்திருக்கிறான்.

ஒரு வாரத்தில் சர்வேயர் வந்தாள். ஜெசிந்தா என்று பெயர். முடிவெடுப்பதெல்லாம் கம்பெனியின் இயந்திரம். ஆனால் கெட்ட செய்தியை ஒரு மனிதர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்ததால் இவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். காரைச் சுற்றி வந்தாள், குனிந்து பார்த்தாள், சாருமதி கொடுத்த மோரைக் குடித்தாள்.

"நல்லா இடிச்சிருக்காங்க சார்" என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"ஆனா உங்க வண்டி அப்போ இங்க இல்லையே. கத்திப்பாரால இருந்திருக்கு."

"புள்ளியில அப்படித்தான் காட்டும் மேடம். அது..." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும் சார். என் வண்டியிலயும் இருக்கு. கம்பெனிக்குத் தெரியாது." அவள் கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். "சரி, இடிச்சது யாருன்னு பார்க்கலாம்னு அந்த நேரத்துல உங்க தெருவுல இருந்த வண்டியெல்லாம் தேடினோம். உங்க தெருவுல மொத்தம் ஒம்போது கார். ஒம்போதும் கத்திப்பாரால இருந்திருக்கு."

"அன்னிக்கு அங்க நல்ல கூட்டம்" என்றான் தணிகைவேல், பழக்கதோஷத்தில்.

ஜெசிந்தா அவனையே பார்த்தாள். "ஆக, இந்தத் தெருவுல இல்லாத ஒரு வண்டி, இந்தத் தெருவுல இல்லாத உங்க வண்டியை இடிச்சிருக்கு."

"அப்போ இந்த நசுங்கல்?"

"நசுங்கல் இருக்கு சார். நான்தான் பார்த்தேனே. அது எந்த விபத்துலயும் சேரலை, அவ்வளவுதான்."

சாருமதி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இதுக்கு வழியே இல்லையா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. அன்னிக்கு என் புள்ளி பொய், வண்டி வீட்லதான் நின்னுதுன்னு நீங்க கையெழுத்துப் போடணும். சின்ன அபராதம் வரும். அது பரவாயில்லை, கிளெய்ம் வந்துடும். ஆனா சட்டம் என்னன்னா, தப்பான புள்ளியை அன்னிக்கு யாரெல்லாம் பார்த்தாங்களோ, அவங்க எல்லாருக்கும் திருத்தம் போயிடும். அதை நாங்க நிறுத்த முடியாது. பார்த்தவங்க உண்மை தெரிஞ்சுக்கறது அவங்க உரிமையாம்."

"யார் யார் பார்த்திருக்காங்க?"

"ஒரே ஒருத்தர்தான் சார். வேதவல்லின்னு போட்டிருக்கு." அவள் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தள்ளத் தள்ள அது முடியவில்லை. "நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்திருக்காங்க. பன்னெண்டு மணிக்கு மேலயும் பார்த்திருக்காங்க. ரொம்ப வேண்டியவங்களா?"

ஆபரேஷனுக்குக் கொண்டுபோன பிறகும் அக்கா அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கூட நிற்க ஒரு ஆள் வருகிறான் என்று நம்பிக்கொண்டு.

"வேண்டாம்னா கிளெய்மை வாபஸ் வாங்கிக்கலாம். யாருக்கும் எதுவும் போகாது. நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டாள்: "நான் போகும்போது வாபஸ்னே எழுதிடவா சார்? நிறைய பேர் அதைத்தான் செய்யறாங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

சர்வேயர் வந்துபோன சேதி பரவி, அன்று சாயங்காலம் தெருச் சங்கம் வீட்டுக்கு வந்தது. செயலாளர் பத்மநாபன் முன்னால், மற்ற ஏழு கார்க்காரர்கள் பின்னால். சாக்கடை அடைத்தபோது வராதவர்கள், தண்ணீர் லாரி பிரச்சினைக்கு வராதவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"தணிகை சார், நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும், நாங்க எல்லாரும் மாட்டிக்குவோம். ஒரு தெருவுல ஒரு புள்ளி பொய்னு ஆயிட்டா, மத்த புள்ளியையும் தோண்டுவாங்களாம். எங்க எல்லாருக்கும் குடும்பம் இருக்கு" என்றார் பத்மநாபன்.

"நான் அன்னிக்கு எங்க மாமியார் வீட்டுக்குப் போறதா இருந்தது" என்றார் ஒருவர் பரிதாபமாக.

"நான் ஆபீஸ்ல இருந்தேன். அதாவது, வீட்ல சொன்னது ஆபீஸ்" என்றார் இன்னொருவர். அதற்கு மேல் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"உங்க வண்டி ரிப்பேர் செலவை நாங்களே பார்த்துக்கறோம்" என்றார் பத்மநாபன். "எல்லாரும் போட்டுப்பாங்க. போடலைன்னாக்கூடப் பரவாயில்லை, மொத்தத்தையும் நானே தந்துடறேன். புதுக் கதவே போட்டுடுங்க சார். நல்ல கதவா."

பிள்ளையார் சதுர்த்திக்கு நன்கொடை கேட்டால் பூட்டிய வீட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பத்மநாபன். தணிகைவேல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவர் காருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புத்தம்புது உறை போட்டிருந்தது, கழுத்துவரை இழுத்துப் போர்த்தி. இடித்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. திட்டத்தான் வாய் வரவில்லை. அவரும் எங்கேயோ கிண்டி தாண்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, தாமதமாகிப் பதறிக்கொண்டு வண்டியை எடுத்திருப்பார். யோக்கியன் கேட்கிற கேள்வியைக் கேட்க அவனுக்கு என்ன யோக்கியதை?

"சரி சார். வாபஸ் வாங்கிடறேன்" என்றான்.

அவர்கள் போனபின் சாருமதி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நல்லதாப் போச்சு. கதவும் புதுசு, பேரும் புதுசு."

அவன் ஜெசிந்தாவுக்கு அனுப்ப 'வாபஸ் பெறுகிறேன்' என்று எழுதிவைத்தான். அனுப்புவதற்குள் அக்கா போன் வந்தது.

"தம்பி, ஒரு மனு எழுதியிருக்கேன்டா. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போறேன். அந்தக் கத்திப்பாராவுல ஒரு மனுஷன் வண்டியை விட்டுட்டு ஓடற அளவுக்கு நிறுத்தி வைக்கறாங்களே, யாராவது கேட்க வேணாமா? நீயும் ஒரு கையெழுத்துப் போடணும்."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"எதையாவது செய்யணும்போல இருக்குடா. ராத்திரி தூக்கம் வரலை. தப்பு என் மேலதான். அவருக்கு விடியக்காலையே வலி. வாயுன்னு நினைச்சுட்டேன். உன்னை அப்பவே கூப்பிட்டிருந்தா நீ நேரத்துக்கு வந்திருப்ப. பாலத்துல மாட்டியிருக்க மாட்ட. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

தணிகைவேலின் கையில் போன் சுட்டது. இத்தனை நாளாக அவன் தன்னுடைய பொய்யைத் தான்தான் சுமப்பதாக நினைத்துக் கொஞ்சம் தன்மேல் பரிதாபமும் பட்டுக்கொண்டிருந்தான். அதை அக்கா தூக்கிக்கொண்டு அலைவது இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஜெசிந்தாவைக் கூப்பிட்டான். "கையெழுத்துப் போடறேன் மேடம். புள்ளி பொய்தான்."

"நிஜமாவா சார்? கதவு அவ்வளவு முக்கியமா?"

"கதவுக்காக இல்லை. நான் சொன்னா நாளைக்கு மாத்திச் சொல்லிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். சட்டப்படி போயிட்டா மாத்த முடியாதில்ல?"

"முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்குத் திருத்தம் போயிடும்" என்றாள். பிறகு, கம்பெனி சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சொன்னாள். "அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார்."

பத்மநாபனுக்குத் தகவல் எப்படியோ போய், மதியத்துக்குள் தணிகைவேல் தெருச் சங்கத்தின் குழுவிலிருந்து நீக்கப்பட்டான். அவன் ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினான். ரயிலில் போகிறவனுக்குப் புள்ளி கிடையாது. வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. குரோம்பேட்டையில் இறங்கி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"என்னடா, வரேன்னுகூடச் சொல்லாம வந்திருக்க?" அக்கா பயந்துபோய்க் கேட்டாள். யாழினி டியூஷனுக்குப் போயிருந்தாள். ஹாலில் கனகசபையின் படம், மாலையோடு. பெரிய மீசை. படத்திலும் எதையோ கிண்டல் செய்யப்போகிற முகம்.

தணிகைவேல் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அக்கா காப்பி போடப் போய்விடுவாள், காப்பி குடித்தால் தைரியம் போய்விடும்.

"அக்கா, அன்னிக்கு நான் கிண்டியில இல்ல."

"பின்ன?"

"வீட்லதான் இருந்தேன்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டியை எவனோ இடிச்சுட்டான்னு சாருமதி சொன்னாளே, அது அன்னிக்கா? அதனால கிளம்ப முடியலையா? அதைச் சொல்றதுக்கு ஏன்டா..."

அருமையான வழி. அக்காவே திறந்து வைத்த கதவு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழு மணித் திருத்தமும் அதோடு கச்சிதமாகப் பொருந்திவிடும். அவனுடைய நாக்கு அந்த 'ஆமாம்'ஐ நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"இல்லக்கா. இடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே கிளம்பியிருக்கலாம். கிளம்பலை. சாப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா கேட்டுக்கிட்டே இருக்கார்னு நீ சொன்னியே, கொஞ்சம் காத்திருக்கட்டும்னு நினைச்சேன். காதுகுத்துல என்னை அவமானப்படுத்தினவர்தானேன்னு. பாலத்துல இருந்து ஓடி வந்தேன்னு சொன்னதெல்லாம் பொய். நீ லேட்டாக் கூப்பிடலைக்கா. நான்தான் வரலை."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உன்னைக் கேட்கலைடா" என்றாள் கடைசியில்.

"என்னக்கா?"

"உன்னைப் பார்க்கணும்னு அவர் கேட்கவே இல்லை. அப்படிச் சொன்னாலாவது நீ வருவ, ரெண்டு பேரும் பேசிப்பீங்கன்னு நான்தான் சொன்னேன்."

தனக்காகக் காத்திருந்து செத்த ஒரு மனிதரை நினைத்து ஒரு மாதமாக உருகிக்கொண்டிருந்தவனுக்கு, அவர் தனக்காகக் காத்திருக்கவே இல்லை என்பது எங்கேயோ சுருக்கென்று குத்தியது. இந்த நேரத்திலும் உனக்கு உன் மதிப்புதான் முக்கியமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றுதான் உள்ளே பதில் வந்தது.

"பதினோரு மணிக்கே உள்ள கொண்டுபோக ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்க" என்றாள் அக்கா. "யாருக்காகடி வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறன்னு கேட்டார். என் தம்பி வர்றான், கிண்டி தாண்டிட்டான்னு சொல்லி போன்ல அந்தப் புள்ளியைக் காட்டினேன். சிரிச்சார்டா. அந்த வலியிலயும் சிரிச்சார். 'உன் தம்பியா? இன்னும் லுங்கியே மாத்தியிருக்க மாட்டான். நீ போய் ஏதாவது சாப்பிடு'ன்னார். அதுதான் கடைசி. உள்ள கொண்டு போயிட்டாங்க."

அன்று அந்த நேரத்தில் அவன் லுங்கியில்தான் இருந்தான்.

"எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?" அக்காவின் குரல் உடைந்தது. "சாகப்போற நேரத்துலகூட என் தம்பியைக் கேலி பண்ணிட்டுப் போயிட்டாரேன்னு. பாவம் அவன் பாலத்துல செருப்பில்லாம ஓடி வர்றான், இந்த மனுஷன் நக்கல் அடிக்கறாரேன்னு. அவர்கிட்ட நான் முகங்கொடுத்துப் பதில்கூடச் சொல்லலைடா. ஒரு மாசமா இந்தப் படத்துக்கு விளக்கு ஏத்தறேன், ஒருநாளும் மனசார ஏத்தலை. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும்."

தணிகைவேல் தான் திருடியது ஒரு மணி நேரம் என்று நினைத்திருந்தான். அக்காவிடமிருந்து அவள் புருஷனின் கடைசிச் சிரிப்பையும் சேர்த்துத் திருடியிருக்கிறான்.

"அக்கா..."

"பேசாத." அவள் கையை உயர்த்தினாள். "இப்போ என்கிட்ட எதுவும் பேசாத. நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு."

அவன் வெளியே வந்தான். கதவு சாத்திக்கொண்டது. செருப்பு உள்ளேயே இருந்துவிட்டது, கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அக்காவின் போன் ஒலித்தது. அவள் கண்ணாடியைத் தேடுவது கேட்டது. பிறகு குரலை உயர்த்தி, கொஞ்சம் காது மந்தமானவருக்குப் படித்துக்காட்டுவதுபோல, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"'திருத்தம். குறிப்பிட்ட நேரத்தில் மேற்படி வாகனம் கொரட்டூரில், உரிமையாளர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. தவறுக்கு வருந்துகிறோம்.' கேட்டுதா? நீங்க சொன்னதுதான். அட்சரம் பிசகலை. நான்தான் உங்களை..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அது அழுகையானது. சாவு வீட்டில்கூட அக்கா இப்படி அழுது அவன் கேட்டதில்லை. நடுநடுவே தீக்குச்சி உரசும் சத்தமும், "கோவிச்சுக்காதீங்க, கோவிச்சுக்காதீங்க" என்று அவள் சொல்வதும் கேட்டன.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். உள்ளே அழுகை, வெளியே வெறுங்காலோடு தம்பி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் தம்பி வெளிய நிக்கறீங்க? உள்ள போகலையா?"

"அக்காவும் மாமாவும் பேசிக்கிட்டிருக்காங்க" என்றான் தணிகைவேல். "முடிஞ்சதும் கூப்பிடுவாங்க."

அந்த அம்மாள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் சுவரோடு ஒதுங்கி நின்றான். கூப்பிடுவாளா என்பது நிச்சயமில்லை. இருட்ட ஆரம்பித்தது. நின்றுகொண்டே இருந்தான்.